ஹெட்ஃபோன் ஜாக்கைப் பார்த்துக் கன்ட்ரோலர் வாங்குங்கள்

லேப்டாப்பில் ஓடும் டிஜே சாஃப்ட்வேரைக் கையால் இயக்கும் பெட்டிதான் டிஜே கன்ட்ரோலர். புதுசாக ஒன்று வந்தால் அதைப் பற்றி வரும் வீடியோக்கள் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். பேடுகளில் எத்தனை நிறத்தில் லைட் எரிகிறது, வீல் எவ்வளவு பெரிசு, எஃபெக்ட் எத்தனை, பெட்டிக்குள் கூட என்னென்ன வந்தது என்று இருபது நிமிஷம் ஓடும். கடைசியில் "ஹெட்ஃபோன் அவுட்டும் இருக்கு ப்ரோ" என்று ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். பீட்டைச் சேர்க்க சிங்க் பட்டன் இருக்கிறது, சத்தத்தைச் சமன் செய்ய ஆட்டோ கெயின் இருக்கிறது, அடுத்து என்ன பாட்டுப் போடலாம் என்று யோசனை சொல்லக்கூட சாஃப்ட்வேர் வந்துவிட்டது. கூட்டம் கேட்பதற்கு முன்னால் அடுத்த பாட்டைக் கேட்டு, போடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது மட்டும் இன்னும் டிஜேயின் காதில்தான் நடக்கிறது. அதனால் கன்ட்ரோலர்களையும் சாஃப்ட்வேர்களையும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். ஸ்க்ராட்ச் செய்ய வீல் எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது, முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

சிங்க் இருக்கும்போது ஹெட்ஃபோன் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ போடுகிறவர்கள். கம்ப்யூட்டரில் கிளிக் வைத்துச் செய்த பாட்டு, பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கு) முதல் நொடியிலிருந்து கடைசி வரை 126 என்றால் 126தான். நம் ஊர் ரிசப்ஷனில் அந்தச் சொகுசு கிடையாது. 80களின் சினிமா பாட்டு ஒன்று கேட்பார்கள். வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவான பாட்டு அது, பல்லவியில் ஒரு வேகம், இடையிசையில் கொஞ்சம் ஏறும், சரணத்தில் தளரும். பீட் எங்கெங்கே விழும் என்று சாஃப்ட்வேர் போட்ட கட்டம் பல்லவியில் சரியாக உட்கார்ந்திருக்கும், இரண்டாவது சரணத்துக்குள் விலகிப் போயிருக்கும். குத்துப் பாட்டு இன்னொரு தலைவலி. ஆறு எட்டுத் தாளத்தை சாஃப்ட்வேர் மூன்று மூன்றாக எண்ணியதா இரண்டிரண்டாக எண்ணியதா என்பதைப் பொறுத்து, ஒரே பாட்டுக்கு ஒன்றரை மடங்கு வித்தியாசத்தில் பிபிஎம் காட்டும். திரையில் அலைகள் அழகாக ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும். காதில் கேட்டால் தவில் ஒரு பக்கம், பறை ஒரு பக்கம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கும்போது ஏமாறுவது இங்கேதான். லேப்டாப்பில் சாதாரணமாக ஒரே ஒரு ஸ்டீரியோ வெளியீடுதான் இருக்கும். டிஜே வேலைக்கு இரண்டு வேண்டும், அதாவது நான்கு சேனல்: 1, 2 ஸ்பீக்கருக்கு, 3, 4 ஹெட்ஃபோனுக்கு. கன்ட்ரோலருக்குள்ளேயே சவுண்ட் கார்டு இருந்தால் இந்த நான்கும் ஒரே யூஎஸ்பி வயரில் வந்துவிடும். ஒவ்வொரு டெக்குக்கும் (ஒரு பாட்டை ஏற்றி ஓட்டும் பக்கம்) ஹெட்ஃபோன் படம் போட்ட க்யூ பட்டன் ஒன்று இருக்கும், மிக்சர்காரர்கள் பாஷையில் பிஎஃப்எல். கெயினையும் (பாட்டின் அடிப்படைச் சத்த அளவு) ஈக்யூவையும் (பேஸ், ட்ரெபிள் திருகும் நாப்கள்) தாண்டி வந்த சத்தத்தை, கூட்டத்துக்குப் போகும் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்குப் போவதற்கு முன்னால் பிரித்து எடுத்துக் காதுக்குத் தருவது அதுதான். ஃபேடர் முழுசாகக் கீழே இருந்தாலும் உங்களுக்குக் கேட்கும், கூட்டத்துக்குக் கேட்காது. ஈக்யூவுக்குப் பிறகு எடுப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. போன பாட்டுக்காகத் திருகி வைத்த பேஸ் இன்னும் வெட்டியே கிடக்கிறதா, கெயின் தாறுமாறாக ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் பாட்டு வெளியே போவதற்கு முன்பே காதில் தெரிந்துவிடும்.

என்னிடம் யோசனை கேட்பவர்களில் பாதிப்பேர் கையில் இருப்பது பயனியர் டிஜேயின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4. டிடிஜே-400க்கு அடுத்து வந்த மாடல். ஹெட்ஃபோன் விஷயத்தில் இந்தத் தரத்துக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், காரணம் சாதாரணமானது: இருக்க வேண்டியது எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இரண்டு டெக்குக்கும் க்யூ பட்டன், மாஸ்டருக்கு, அதாவது கூட்டத்துக்குப் போகும் மொத்தச் சத்தத்துக்கு, தனியாக ஒரு க்யூ பட்டன், சத்தத்துக்கு ஒரு நாப், க்யூவையும் மாஸ்டரையும் கலந்து கேட்க இன்னொரு நாப். இந்தக் கடைசி நாப்பைத்தான் விலை குறைந்த கருவிகளில் முதலில் தூக்கிவிடுவார்கள். நாப் இல்லையென்றால் மவுஸை எடுத்துத் திரையில் ஒரு சின்ன வட்டத்தைப் பிடித்துத் திருக வேண்டும், அதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

குறையும் உண்டு. ஹெட்ஃபோனுக்கு 3.5 மில்லிமீட்டர் சின்ன பின் மட்டும்தான், பெரிய பின்னுக்கு இடம் இல்லை. வீட்டில் பழகுகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் மண்டபத்தில், இருட்டில், வயரில் யாராவது கால் மாட்டி இழுக்கும் இடத்தில், சின்ன பின்னை நம்பி ராத்திரி முழுக்க ஓட்டுவது கொஞ்சம் பயம்தான். அப்புறம் இது யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் கருவி. லேப்டாப் தருகிற அந்தக் கொஞ்சம் கரண்டில்தான் லைட்டும் எரிய வேண்டும், ஹெட்ஃபோனும் ஓட வேண்டும். இப்படிப்பட்ட எந்தக் கருவியிலும் ஹெட்ஃபோன் சத்தத்துக்கு ஒரு எல்லை இருக்கும், அதனால் அதிக ஓம் உள்ள ஸ்டூடியோ ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுச் சத்தம் போதவில்லை என்று கன்ட்ரோலரைத் திட்டக் கூடாது. இன்னொன்று, இதை மொபைலோடு ப்ளூடூத்தில் இணைத்து வாசிக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். இணையும், பட்டன்களும் வேலை செய்யும், ஆனால் ப்ளூடூத்தில் போவது பட்டன் தகவல் மட்டும்தான். பாட்டு ஃபோனிலிருந்தேதான் வரும், கன்ட்ரோலரின் ஹெட்ஃபோன் ஜாக் சும்மா கிடக்கும். க்யூ கேட்க வேண்டுமென்றால் வயர் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கலக்கும் நாப் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புதியவர்களுக்குப் புரிவதில்லை. காற்றில் சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மண்டபத்தில் டிஜே மேசையை எங்கே போடுவார்கள்? மேடைக்கு ஒரு ஓரம், போட்டோகிராபர் லைட்டுக்கும் ஐஸ்கிரீம் கவுன்டருக்கும் நடுவில் மிச்சம் இருக்கும் இடத்தில். பெரிய பாக்ஸ்கள் 17 மீட்டர் தள்ளி நின்றால் அந்தச் சத்தம் உங்களிடம் வந்து சேர 50 மில்லிசெகண்ட் ஆகிறது. 120 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். பத்தில் ஒரு பங்கு பின்தங்கிய சத்தத்தை ஒரு காதில் கேட்டு, ஹெட்ஃபோனில் வரும் பாட்டை அதோடு சேர்த்தால், உங்களுக்கு மட்டும் சரியாக இருக்கும், ஆடுகிறவர்களுக்கு இரண்டு டிரம்மும் ஒன்றையொன்று துரத்தும். வெளிநாட்டு கிளப்பில் டிஜேக்குப் பக்கத்திலேயே பூத் மானிட்டர் என்று ஒரு ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். நம் ஊர் சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் பூத் மானிட்டர் கேட்டால், பாட்டுக் கச்சேரிக்கு வைப்பது ஒன்று இருந்தால் தருவார், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே மாஸ்டரையும் க்யூவையும் ஹெட்ஃபோனுக்குள்ளேயே கலந்து, இரண்டையும் தாமதமில்லாமல் கேட்பதுதான் ஒரே வழி. நான் நாப்பை நடுவுக்குச் சற்று க்யூ பக்கமாக வைத்துப் பீட்டைச் சேர்ப்பேன், சேர்ந்ததும் மாஸ்டர் பக்கம் திருப்பி ஒரு முறை சரிபார்ப்பேன், அப்புறம்தான் ஃபேடரில் கை.

ஸ்ப்ளிட் க்யூ என்று இன்னொரு வசதி உண்டு: ஒரு காதில் க்யூ, இன்னொரு காதில் மாஸ்டர், இரண்டும் மோனோவில். பயனியரின் கிளப் மிக்சரான டிஜேஎம்-900 நெக்ஸஸ்2வில் இதற்குத் தனி சுவிட்சே வைத்திருக்கிறார்கள். சிலருக்கு இது உயிர், எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு காதில் இரண்டு பாட்டு ஓடினால் பேஸ் எந்தப் பாட்டினுடையது என்று குழம்பிவிடுகிறது. பழகிவிட்டவர்கள் வேறு எதையும் தொடமாட்டார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, சவுண்ட் கார்டே இல்லாத கன்ட்ரோலர்களுக்கு வருவோம். டிடிஜே-200 அப்படிப்பட்டது. பார்க்க அழகாக இருக்கும், தூக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதில் ஹெட்ஃபோன் ஜாக்கே கிடையாது. ஃபோனிலோ லேப்டாப்பிலோ இருக்கும் ஒரே ஜாக்கில் ஸ்ப்ளிட்டர் கேபிளைச் சொருக வேண்டும், ஸ்டீரியோவின் ஒரு பக்கம் ஹெட்ஃபோனுக்கு, மறுபக்கம் ஸ்பீக்கருக்கு. இரண்டும் மோனோ. மோனோவா என்று முகம் சுளிக்க வேண்டாம், பல மண்டபங்களில் சவுண்ட் சர்வீஸ்காரர்களே மோனோவாகத்தான் ஓட்டுகிறார்கள், ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. ஐஃபோனில் 2016ல் வந்த 7ஆவது மாடலிலிருந்து ஹெட்ஃபோன் ஜாக்கே இல்லை என்பதால் முதலில் ஒரு கன்வர்ட்டர், அதன் வாலில் ஸ்ப்ளிட்டர், அதன் வாலில் இரண்டு வயர் என்று ஒரு ரயில் பெட்டி வரிசையே தொங்கும். பழகுவதற்குப் போதும். காசு வாங்கி வாசிக்கும் இடத்துக்கு இதைக் கொண்டுபோக மாட்டேன்.

ஸ்ப்ளிட்டர் வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் ஸ்ப்ளிட்டர் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்கான ஒய் கேபிள், அது இரண்டு முனையிலும் அதே ஸ்டீரியோவைத் தரும். டிஜே கேபிள் அப்படி இல்லை, உள்ளே வயரிங்கே வேறு. இடது பக்கத்தை ஒரு முனைக்கு இரண்டு காதுக்குமாகவும், வலது பக்கத்தை மற்ற முனைக்கு இரண்டு காதுக்குமாகவும் பிரித்துத் தரும். வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஒரு கல்லூரி விழாவில் முன்னால் வாசித்த பையன் சாதாரண ஒய் கேபிளோடு வந்துவிட்டான். பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது அவன் ஹெட்ஃபோனில் அடுத்த பாட்டைத் தேட, சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்து, "தம்பி, இந்தப் பாக்ஸ்ல ஒரு பாட்டு, அந்தப் பாக்ஸ்ல ஒரு பாட்டு வருதுப்பா, நாங்க எதுக்கு ஆடுறது?" என்றார். வாங்கும்போதே ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். பேலன்ஸை முழுசாக இடது பக்கம் தள்ளிப் பாட்டை ஓடவிட்டு, ஹெட்ஃபோனை இரண்டு முனையிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். ஒரு முனையில் இரண்டு காதிலும் பாட்டு, இன்னொரு முனையில் முழு அமைதி என்றால் அது டிஜே கேபிள். இரண்டு முனையிலும் இடது காதில் மட்டும் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சின்னதாகவும் வேண்டும், சவுண்ட் கார்டும் வேண்டும் என்றால் நியூமார்க்கின் டிஜே2கோ2 டச். கீபோர்டு அகலம்கூட இருக்காது, ஆனால் மெயினுக்கு (ஸ்பீக்கருக்கு) ஒன்று, ஹெட்ஃபோனுக்கு ஒன்று என்று இரண்டு 3.5 மில்லிமீட்டர் ஜாக் உள்ளேயே வைத்துவிட்டார்கள். டிடிஜே-200ஐவிட இதன் பக்கம்தான் என் ஓட்டு, வீல் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 500 கொஞ்சம் பெரிய கருவி. பெரிய பின், சின்ன பின் இரண்டுக்கும் ஜாக் உண்டு என்பதே எனக்குப் பாதி திருப்தி. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது, நண்பர் வந்தால் இரண்டு பேரும் கேட்கலாம். பீட் விலகினால் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அம்புக்குறி லைட்டில் காட்டும் வசதியும் இதில் இருக்கிறது. காதால் பழகுகிறவர்களுக்கு அதை அணைத்து வைத்துவிட்டு, சந்தேகம் வரும்போது மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

சாஃப்ட்வேரில் ஆளுக்கு ஒரு குணம். செராட்டோவின் போக்கு ரொம்பக் கறார். ஆதரவு உள்ள கருவியை மாட்டினால் மெயின் எது, ஹெட்ஃபோன் எது என்று தானே பிரித்துக்கொள்ளும், நீங்கள் எதையும் தொட வேண்டாம். கருவி இல்லாமல் பிராக்டிஸ் மோடில் திறந்தால் பாட்டு லேப்டாப் ஸ்பீக்கரில் வரும், ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்கும் வழி கிடையாது. உங்களிடம் இருக்கும் ஏதோ ஒரு சவுண்ட் கார்டை அதன் தலையில் கட்டவும் முடியாது. கல்யாண சீசனில் இந்தக் கறார் ஒரு வரம் என்றே சொல்வேன், தவறாக எதையும் மாற்றிவைக்க வாய்ப்பே இல்லை. ரெக்கார்ட்பாக்ஸும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் அதில் பிசி மாஸ்டர் அவுட் என்று ஒன்று இருக்கிறது. ஹெட்ஃபோன் கன்ட்ரோலரில் இருக்கும், மாஸ்டர் லேப்டாப் ஸ்பீக்கரிலும் வரும். தனியாக ஸ்பீக்கர் வாங்காமல் வீட்டில் பழகுகிறவர்கள் முதலில் போட வேண்டிய டிக் இதுதான், பல பேருக்கு இது இருப்பதே தெரியாது.

வர்ச்சுவல்டிஜேயும் டிராக்டரும் வேறு ரகம், எந்த சவுண்ட் கார்டையும் ஏற்றுக்கொள்ளும், எந்த வெளியீட்டில் எது போக வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம். வர்ச்சுவல்டிஜேயில் படம் போட்டுக் காட்டிவிடுவதால் சுலபம். டிராக்டரில் விண்டோஸ் என்றால் ஆசியோ டிரைவர், மேக் என்றால் இரண்டு கார்டைச் சேர்க்க அக்ரிகேட் டிவைஸ் என்று கொஞ்சம் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மிக்ஸ், ஆங்கிலத்தில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்களே, அது. இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஹெட்ஃபோன் விஷயத்தில் காசு வாங்கும் சாஃப்ட்வேர்கள் மறைத்து வைக்கும் எல்லாவற்றையும் இது மேசைமேல் பரப்பிவைக்கிறது. சவுண்ட் ஹார்ட்வேர் பக்கத்தைத் திறந்தால் மெயின், பூத், ஹெட்ஃபோன், ஒவ்வொரு டெக் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எந்தக் கார்டு, எந்தச் சேனல் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கலக்கும் நாப் திரையிலேயே இருக்கிறது, ஸ்ப்ளிட் பட்டனும் இருக்கிறது. அந்த ஸ்ப்ளிட்டை அழுத்திவிட்டு லேப்டாப் ஜாக்கில் டிஜே கேபிளைச் சொருகினால் கன்ட்ரோலரே இல்லாமல் கீபோர்டு வைத்துப் பழகலாம்.

கன்ட்ரோலர் வாங்கக் காசு சேரும் வரை நான் எல்லோருக்கும் சொல்லும் செட்டப் வேறு: லேப்டாப்பின் சொந்த ஜாக்கில் ஹெட்ஃபோன், ரிச்சி தெருவில் கிடைக்கும் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டில் ஸ்பீக்கர், நடுவில் மிக்ஸ். 7.1 என்று மேலே அச்சடித்த மலிவான குச்சியைப் பார்த்து எட்டு சேனல் வரும் என்று ஆசைப்பட வேண்டாம், பெரும்பாலானவற்றில் உண்மையில் ஒரு ஸ்டீரியோதான் இருக்கும், அது ஒன்றே நமக்குப் போதும். இரண்டு கார்டில் எது நல்ல சத்தம் தருகிறதோ அது ஸ்பீக்கருக்கு. விண்டோஸில் இயல்பான கார்டாக ஹெட்ஃபோன் பக்கத்தைத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் முகூர்த்த நேரத்தில் உங்கள் மெயில் வந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

இரண்டு கார்டு போடும்போது ஒரு சிக்கல் தானாக வரும். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம். இரண்டும் நொடிக்கு 44,100 சாம்பிள் என்றுதான் சொல்லும், ஆனால் துல்லியமாக ஒன்றாக ஓடாது. நேரம் போகப் போக ஹெட்ஃபோன் பக்கமும் ஸ்பீக்கர் பக்கமும் மெல்ல விலகும், இல்லையென்றால் நடுவில் டிக் டிக் என்று சத்தம் வரும். மிக்ஸில் இதற்கென்றே ஒத்திசைவு அமைப்பு ஒன்று இருக்கிறது, மேக்கின் அக்ரிகேட் டிவைஸில் விலகலைத் திருத்தும் டிக் ஒன்று இருக்கிறது. அவற்றைப் போட்டால் சமாளிக்கலாம், ஆனால் கொஞ்சம் தாமதம் கூடும். நான்கு சேனலும் ஒரே கார்டில் வரும் கன்ட்ரோலரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கன்ட்ரோலருக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த நிம்மதிக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

தாமதம் என்றதும் பஃபர் ஞாபகம் வருகிறது, அதாவது சத்தத்தை வெளியே அனுப்பும் முன் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும் துண்டின் அளவு. 256 சாம்பிள் என்றால் சுமார் 6 மில்லிசெகண்ட், 1024 என்றால் 23. முதலாவதில் வீலைத் தொட்டால் கையோடு பாட்டு வரும், இரண்டாவதில் லேசாக இழுக்கும். பழைய லேப்டாப்பில் 256 வைத்தால் நடுநடுவே பாட்டு வெட்டும். எனவே வெட்டாத அளவுக்குக் குறைவாக வைத்துவிட்டு அதைப் பற்றி மறந்துவிடலாம்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் க்யூ கேட்கலாமா என்று வாராவாரம் யாராவது கேட்கிறார்கள். வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் 200 மில்லிசெகண்ட் அளவுக்குத் தாமதம் என்பது சகஜம். 128 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் 469 மில்லிசெகண்ட், ஆக ஏறக்குறைய அரை பீட் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கேமிங் மோட், லோ லேட்டன்சி என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் சினிமா பார்க்கச் சரி. ப்ளூடூத் ஸ்பீக்கரை மெயினாக வைத்தாலும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். அதற்கு மிக்ஸில் ஒரு குறுக்குவழி உண்டு, ஹெட்ஃபோனுக்கும் அதே அளவு தாமதம் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கலாம், மொட்டை மாடிப் பார்ட்டிக்குப் போதும், ஆனால் ப்ளே அழுத்தியபின் பாட்டு வருவதற்குக் காத்திருப்பது எரிச்சலான வேலை. வயர் இல்லாமல் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஆல்ஃபாதீட்டா எச்டிஜே-எஃப்10 என்று ஒன்று வந்திருக்கிறது, தனி டிரான்ஸ்மிட்டரோடு சேர்த்து வாங்கினால் ப்ளூடூத் இல்லாமல் அவர்களுடைய சொந்த வயர்லெஸ் முறையில் 9 மில்லிசெகண்டில் ஓடுகிறது. அது வேலைக்கு ஆகும் அளவுதான். தொடக்கக்காரர் அந்தக் காசை கன்ட்ரோலரில் போடுவதே நல்லது.

ஹெட்ஃபோன் எது என்றால் என் பதில் பழைய பதில்தான், சென்ஹைசர் எச்டி 25. 1988ல் வந்தது, இன்னும் விற்கிறார்கள். வயர் இல்லாமல் 140 கிராம்தான், ஒரு பக்கக் காதைப் பின்னால் தள்ளிவிடலாம், வயர் முதல் பஞ்சு வரை எது போனாலும் தனியாக மாற்றலாம். 70 ஓம் என்றாலும் உணர்திறன் அதிகம் என்பதால் யூஎஸ்பி கரண்டில் ஓடும் கன்ட்ரோலரிலேயே நன்றாகச் சத்தம் வரும். காதை அழுத்தும், அது உண்மை, அந்த அழுத்தம்தான் நாதஸ்வரத்தையும் மேளத்தையும் வெளியே நிறுத்துகிறது. பஞ்சு மெத்தென்று காதைச் சுற்றி உட்காரும் ஹெட்ஃபோனில் வெளிச்சத்தம் உள்ளே கசிந்தால் கை தானாகச் சத்தத்தை ஏற்றும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் கணக்குப் பார்த்தால் 15 நிமிஷம்தான். க்யூ கேட்டு முடிந்ததும் நாப்பைக் குறைத்துவிடும் பழக்கம் வந்துவிட்டால் நல்லது.

இவ்வளவு வசதியும் ஒரு காலத்தில் கையால் செய்ததுதான். 1971ல் நியூயார்க்கில் ஹேவன் என்ற கிளப்புக்காக அலெக்ஸ் ராஸ்னர் என்ற சவுண்ட் இன்ஜினியர் ஒரு மிக்சர் செய்து கொடுத்தார், சிவப்புப் பெயின்ட் அடித்திருந்ததால் அதற்கு ரோஸி என்று பேர். பிராங்ஸில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஒரு சுவிட்சைத் தானே பொருத்தி அடுத்த ரிக்கார்டை ஹெட்ஃபோனில் எட்டிப் பார்த்தார். இப்போது டிஜேஎம்-ஏ9, ஆலன் அண்ட் ஹீத்தின் எக்ஸோன் 96 போன்ற பெரிய மிக்சர்களில் இரண்டு டிஜேக்கள் ஒருவர் க்யூவை இன்னொருவர் கெடுக்காமல் தனித்தனியாகக் கேட்கும்படி இரண்டு ஹெட்ஃபோன் பகுதியே இருக்கிறது. ஜோடியாக வாசிப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு ஜாக்கைப் பகிர்ந்து சண்டை போட்டவர்களைக் கேட்டால் தெரியும். நம் விலைக்கு அது இன்னும் இறங்கி வரவில்லை.

வாங்கப் போகும்போது உங்கள் ஹெட்ஃபோனையும் மிக்ஸ் போட்ட லேப்டாப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு பாட்டை ஏற்றி, ஒன்றை ஓடவிட்டு, மற்றதன் ஃபேடரைக் கீழே வைத்து க்யூவை அழுத்துங்கள். கலக்கும் நாப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் திருப்பும்போது நடுவில் சத்தம் திடீரென்று விழுகிறதா பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோன் சத்தத்தை முழுசாக ஏற்றினால் இஸ்ஸ் என்று எவ்வளவு வருகிறது என்பதையும், பாட்டோடு ஏற்றினால் எந்த இடத்தில் உடைகிறது என்பதையும் கேளுங்கள். கடைசியாகப் பின்னைச் சொருகியபடியே லேசாகச் சுழற்றுங்கள், ஒரு காது போய்ப் போய் வந்தால் அந்தப் பீஸ் வேண்டாம். டெமோ பீஸ் இல்லை, பெட்டியைப் பிரிக்க முடியாது என்று சொல்லும் கடையில் நான் கேபிளைத் தவிர வேறு எதுவும் வாங்குவதில்லை. கேபிளிலும் எல் மாதிரி வளைந்த பின் இருந்தால் எடுப்பேன், நேர்ப் பின் என்றால் அதுவும் வேண்டாம்.